கண் கேட்டவருக்குக் கோல்



‘துன்பக் காலத்தில் இறைத்துணை’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அற்புதங்களை அடுக்குவார்கள். சுண்ணாம்புக் காளவாய் குளிர்ந்தது, நஞ்சு அமுதாயிற்று, கல் தெப்பமாக மிதந்தது. திருநாவுக்கரசர் வரலாற்றில் இவையெல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். நான் அந்தப் பக்கம் அதிகம் போகப் போவதில்லை. துன்பத்தில் கடவுளைக் கூப்பிட்டு, கேட்டது கிடைக்காமல், வேறு ஏதோ ஒன்று கிடைத்தவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கட்சி.

சுந்தரரிடமிருந்து தொடங்கலாம். அவருக்கு வந்த துன்பம் அவரே தேடிக்கொண்டது. திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்து தரவேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தில் ஒரு சூழ்ச்சி செய்யப் பார்த்தார். நான் சன்னிதியில் சபதம் செய்யும்போது நீ சற்று எழுந்து மகிழமரத்தடிக்குப் போய்விடு என்று சிவனையே கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியார் பக்கத்தாரிடம், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்! பெரியபுராணத்தில் சேக்கிழார் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாரோ என்று தோன்றும் இடங்களில் இது ஒன்று.

திருவாரூர் வசந்தவிழா நினைவுக்கு வந்தது. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. குற்றம் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தண்டனையை ஏற்கவில்லை. தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். கோயிலுக்குள் இருக்கிறாயா இல்லையா என்று கேட்டார். கண் கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கூடவே ஒரு பதில்: இருக்கிறோம், நீர் போய் வாரும் என்கிற தோரணையில், தோழனிடம் பேசுவதுபோல் இல்லாமல், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல. அந்தப் பதில்தான் கண் போனதைவிட அதிகமாகச் சுந்தரரைச் சுட்டது. நீ பொறுத்துக்கொள்வாய் என்ற துணிவில்தானே தவறு செய்தேன் என்று அங்கேயே முறையிடுகிறார். கோபத்தில் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் அங்கே பார்க்கலாம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. மற்றொன்று திருவாரூரில். அதற்குள் திருவாரூர்ப் பெருமானிடம் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அடியார் இப்படித் துன்பப்பட நீர் மட்டும் சுகமாக இருந்துகொள்ளும் என்கிற அளவுக்குப் போயிற்று. வன்தொண்டர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் முதல் பாட்டையே ஏசிய சொல்லால் தொடங்கச் சொன்னது சிவன்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவரிடம் நாம் முதலில் சொல்வது, ‘கடவுளைக் குறை சொல்லாதே’ என்பது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சாமிபடத்தைத் திருப்பி வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் நேராக்கி வைக்கிறார். எதற்கு? நம் திருமுறைகளில் ஏழாவது திருமுறை முழுவதையும் பாடியவர் கடவுளோடு சண்டை போட்டவர். அந்தச் சண்டையை யாரும் தணிக்கை செய்து நீக்கவில்லை. தொகுத்து, பண் அடைத்து, கோயிலில் ஓதுகிறோம். சண்டை போடுகிறவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. உறவு முறிந்தவர் சண்டை போட வரமாட்டார், அவர்பாட்டுக்குப் போய்விடுவார். அந்தத் தாய் படத்தைத் திருப்பி வைத்தாரே தவிரக் குப்பையில் போடவில்லை. சில நாள் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. வெண்பாக்கத்தில் கிடைத்த கோலைச் சுந்தரர் ஏசிக்கொண்டேதான் ஊன்றினார். ஊன்றினார் என்பது முக்கியம். அந்தக் கோல் இல்லாமல் காஞ்சிக்குப் போயிருக்க முடியாது. துன்பத்தில் கடவுளை நம்பியவர்களுக்குக் கிடைத்தவற்றைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் அது விடுதலையாக இருப்பதில்லை. அடுத்த ஊர்வரை நடக்க ஒரு பிடிமானமாக இருக்கிறது. இதைக் குறைவான வரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

திலகவதியாரைப் பாருங்கள். திருவாமூரில் பெற்றோர் இருவரும் போனார்கள். நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை கலிப்பகையார், படைத்தலைவர், போர்க்களத்தில் மாண்டார். திலகவதியார் உயிரை விடத் துணிகிறார். தம்பி மருணீக்கியார் வந்து காலில் விழுகிறார்: அப்பா அம்மா போன பிறகும் உன்னைப் பார்த்துத்தான் இருக்கிறேன், நீயும் போவதானால் உனக்கு முன்னால் நான் போகிறேன் என்கிறார். தம்பிக்காக அவர் இருந்துகொண்டார். அந்தத் தம்பியும் ஒருநாள் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு புகழ்பெற்றுவிட்டார். சமணத்தைச் சேக்கிழார் பார்த்த பார்வை தனி விஷயம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானங்களை வற்புறுத்தியவர்கள் சமணர்கள், அதை நாம் மறக்க வேண்டியதில்லை. இங்கே நான் பார்ப்பது அக்காளின் தனிமையை. எவருக்காக உயிரோடு இருந்தாரோ அவரும் இல்லை.

திருவதிகைக் கோயிலில் விடியுமுன் பெருக்கினார், சாணம் இட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியைத் திருப்பித் தா என்று வேண்டினார். அந்த வேண்டுதலுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? தம்பிக்குச் சூலைநோய். குடலைப் புரட்டும் வயிற்றுவலி. இதை ‘அருள்’ என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பாரா, சந்தேகம்தான். வலி தாங்காமல் தம்பி சமையற்காரரை அனுப்பி அக்காளைக் கூப்பிடுகிறார். அங்கே நான் வரமாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புகிறார் திலகவதியார். பாசம் இருக்கிற இடத்தில் இவ்வளவு உறுதி எளிதில்லை. இரவோடு இரவாகத் தம்பியே வந்து விழுந்தார். திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அதன்பிறகுதான் நமக்கு ஒரு நாவுக்கரசர்.

நாவுக்கரசரை அரசன் படுத்திய பாட்டைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அரசனுக்கு அஞ்சாத அந்த நெஞ்சு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எல்லாவற்றையும் இழந்த பிறகும் துடைப்பத்தைக் கீழே வைக்காத ஓர் அக்காளிடமிருந்து வந்தது என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. வயது முதிர்ந்த பின்னும் கையில் உழவாரம் என்ற அந்தப் புல்செதுக்கும் கருவியோடு ஊர் ஊராக நடந்து கோயில் முற்றங்களைச் சுத்தம் செய்தார். அக்காள் கைத்தொழிலைத் தம்பி எடுத்துக்கொண்டார்.

அந்த உழவாரத்துக்குச் சேக்கிழார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஊரே வாடிக் கிடந்தது. இருவரும் பாடினார்கள். மழை வரவில்லை, கவனியுங்கள். தினம் ஆளுக்கு ஒரு காசு வந்தது. அந்தக் காசைக் கடையில் கொடுத்துப் பண்டம் வாங்கி, இருவரும் தத்தம் மடத்தில் உலை வைத்து, சாப்பிட வாருங்கள் என்று பறையறைந்து அடியாரைக் கூப்பிட்டார்கள். ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் பந்தி போடத் தாமதமாயிற்று. ஏன் என்று விசாரித்தார். அவருக்கு வரும் காசுக்கு வணிகர்கள் வாசி கேட்கிறார்கள், அதாவது வட்டம் பிடிக்கிறார்கள்; பேரம் பேசிப் பண்டம் வாங்கி வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. நாவுக்கரசர் காசு வட்டமில்லாமல் செல்லுகிறது. காரணத்தைச் சேக்கிழார் நேராகவே சொல்லிவிடுகிறார்: சம்பந்தர் இறைவனுக்குப் பிள்ளை, நாவுக்கரசர் கையால் தொண்டு செய்கிறவர். பிறகு சம்பந்தர் வாசியைத் தீர்க்கச் சொல்லிப் பாட, அவருக்கும் நல்ல காசு கிடைத்தது.

இந்தக் கதையை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். கதையை அமைத்தவரின் மனத்தைப் பாருங்கள். சைவத்தின் இரு பெரிய கவிஞர்களை எடுத்துக்கொண்டு, பாட்டால் மட்டும் வந்த காசுக்கு வட்டம் போட்டு, உடலுழைப்போடு வந்த காசை முழு மதிப்புக்குச் செல்ல வைத்திருக்கிறார். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். நாணயத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். கிடைத்த காசை அவ்விருவரும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் பாருங்கள். வந்த துணை வந்தவாக்கில் அடுப்புக்குப் போயிற்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பைச் சந்தித்தாக வேண்டும். இந்த அரங்கிலும் பகுத்தறிவு இயக்கத்து நண்பர்கள் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். கடவுளை நம்பு என்று சொல்லியே ஏழையைச் சும்மா உட்கார வைத்தீர்கள், ஆட்சியில் இருந்தவனின் குற்றத்தை விதியின் தலையில் கட்டினீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இது பொய்க் குற்றச்சாட்டு இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது வைஸ்ராய் லிட்டனின் ஆட்சி. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தவர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது போதாது, ஆட்கள் எலும்பும் தோலுமாகிறார்கள் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடிய பிறகே சில மாதங்களில் அது உயர்ந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். இந்த ஒரு ராத்தலை எந்தச் சாமியின் கணக்கிலும் எழுத முடியாது. எழுதினால் அது சாமிக்குச் செய்கிற அவமரியாதை.

அதே பஞ்சத்தில் கடவுளை நம்பிய ஒருவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று மாணவர்களுக்குத் தெரியும். முன்சீப்பாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். கத்தோலிக்கர். கைப்பொருளைச் செலவழித்து மாயவரத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் எழுதினார். 1878-ல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. எந்த மதத்தாரும் பாடலாம் என்பதற்காக அப்படி அமைத்தார். பசித்து வந்தவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். பாட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கிறிஸ்தவரின் கொடையைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய வாய் அது. காசுக்காகப் புகழ்கிற வாய் இல்லை.

அவருக்கும் முன்னால் வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பசியா, உட்கார். அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடையைப் படித்தவர்களுக்குத் தெரியும், பசி ஏற ஏற மனிதனுக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறார். அறிவு மங்குவது, கண் இருள்வது, நெஞ்சு கலங்குவது என்று. ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்களில் இறைவனை உருகி உருகிக் கூப்பிட்டவர், வயிற்றைப் பற்றி ஒரு மருத்துவரைப்போல எழுதியிருக்கிறார். பசியைப் போக்குவதே வழிபாடு என்பது அவர் முடிவு. கடவுளை மறந்து மனிதனை நினைக்கச் சொன்னார் பெரியார். வள்ளலார் கடவுளை நினைத்துக்கொண்டே அதே பந்திக்கு வந்து சேர்ந்தார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம். கடல் ஊருக்குள் வந்தது. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. மாதா காப்பாற்றினார் என்று அன்றே பேச்சு கிளம்பிவிட்டது.

உள்ளே இருந்து பிழைத்தவர் அப்படி நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் நன்றி அவருடையது. ஆனால் அதே வாக்கியத்தை, கடற்கரையில் குழந்தையைத் தவறவிட்டவர் முன்னால் சொல்லும்போது அதன் பொருள் என்ன ஆகிறது? உன் குழந்தையை மாதா காப்பாற்றவில்லை என்றாகிறது. பிழைத்தவரின் அற்புதம் இழந்தவரின் முதுகில் சாட்டையாக விழுகிறது. ‘கடவுள் சோதிக்கிறார்’, ‘எல்லாம் நன்மைக்கே’, ‘போன பிறவிப் பலன்’ என்பவையும் இந்த ரகம்தான். சொல்கிறவருக்கு ஆறுதல், கேட்கிறவருக்கு அடி. இறைநம்பிக்கையைத் தன் துன்பத்துக்குத் தானே ஊன்றிக்கொள்ளலாம். அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கமாக அதைக் கொடுக்கிற உரிமை நமக்கு இல்லை என்பது என் கருத்து. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

அப்படியானால் துன்பப்படுகிறவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? நம் பாட்டிமார் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சம்பந்தி வீட்டாரோ பக்கத்து வீட்டாரோ சோறு ஆக்கி எடுத்து வருவார்கள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பிறகு, ‘ஒரு வாய் சாப்பிடு’ என்பார்கள். அவ்வளவுதான். அதற்குள் எல்லா இறையியலும் அடங்கிவிடுகிறது, அதற்கு மேலும் தேவைப்படுகிறவர்கள் பிறகு எங்களைப்போன்ற பேச்சாளர்களைத் தேடி வரலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வு, வேலை, வீட்டுக் கடன், நோய் என்று உங்களுக்கும் வரும். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போங்கள், மனம் விட்டுப் பேசுங்கள், சுந்தரர் மாதிரி நாலு வார்த்தை கூடுதலாகவும் பேசுங்கள். ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். நாவுக்கரசருக்கே வலி வந்தபோது முதலில் தேவைப்பட்டது, கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் நம்பிக்கை பொய்த்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்; என்ன கிடைத்தது என்று ஒருமுறை கையைப் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்று தோன்றினால், அதையும் இறைவனிடமே சொல்லுங்கள், நல்ல நண்பர் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

நிறைவாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கும் இங்கே வந்திருக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் பந்திக்கு வந்து உட்கார முடிந்தவர்களுக்குத்தான் அது எட்டுகிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்கு உணவு உண்டு. துணைக்கு வந்து வராந்தாவில் படுத்திருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் அது கிடைப்பதில்லை. நோயாளியை விட்டுவிட்டு அவர்களால் கோயிலுக்கு வரவும் முடியாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள கோயில்களும் தேவாலயங்களும் தர்காக்களும், மருத்துவமனையாரின் அனுமதியோடு, சமைப்பதில் ஒரு பங்கைப் பொட்டலமாக்கி வாசலுக்கு அனுப்பி வைக்கட்டும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எனக்கோ வேறொருவருக்கோ தரவிருக்கும் சன்மானத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.